ஆரக்கிள் 19சி: சான்றுள்ள லினக்ஸா, கைக்குக் கிடைத்த லினக்ஸா?

2024 ஜூன் 30 அன்று சென்டோஸ் 7 என்ற லினக்ஸ் இயங்குதளத்துக்கான ஆதரவு முடிந்தது. அதன்மேல் ஆரக்கிள் 19சி தரவுத்தளத்தை ஓட்டிக்கொண்டிருந்த எங்கள் குழு அடுத்த இயங்குதளத்தை முடிவு செய்தாக வேண்டியிருந்தது. மூன்று வழிகள் தெரிந்தன. சென்டோஸின் இடத்தை நிரப்ப வந்த ராக்கி லினக்ஸ் அல்லது அல்மாலினக்ஸ் ஒன்று. எங்களுடைய மற்ற சர்வர்களில் ஏற்கெனவே ஓடும் உபுண்டு இன்னொன்று. மூன்றாவது, ஆரக்கிளே வெளியிடும் ஆரக்கிள் லினக்ஸ். நாங்கள் ஆரக்கிள் லினக்ஸ் 8க்குப் போனோம். இன்று மறுபடி கேட்டாலும் ஆரக்கிள் லினக்ஸ்தான் என்பேன்.

முதலில் பட்டியலைப் பார்த்துவிடலாம். 19சிக்கு ஆரக்கிள் சான்றளித்திருக்கும் லினக்ஸ்கள் ஆரக்கிள் லினக்ஸ், ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ், சூசே எண்டர்பிரைஸ் சர்வர் ஆகியவை. ரெட் ஹேட்டின் மூலநிரலிலிருந்தே உருவான சென்டோஸ் ஒருபோதும் அந்தப் பட்டியலில் இருந்ததில்லை. ராக்கி, அல்மா, டெபியன், உபுண்டு, ஃபெடோரா எதுவும் இல்லை. பட்டியலில் இல்லை என்பதால் ஓடாது என்று பொருளில்லை. நன்றாகவே ஓடும், வேகத்திலும் சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் இருக்காது. ஆகவே ஓடுமா ஓடாதா என்று விவாதிப்பதில் பயனில்லை.

பணக் கணக்கும் நீளமானதல்ல. எண்டர்பிரைஸ் பதிப்பின் பட்டியல் விலை ஒரு பிராசசருக்கு 47,500 டாலர். ஆண்டு ஆதரவுக் கட்டணம் லைசென்ஸ் தொகையில் 22 சதவீதம். தள்ளுபடி ஏதும் இல்லாமல் பார்த்தால் ஆண்டுக்கு 10,450 டாலர். அந்தப் பணத்துக்குப் பேட்ச்களும், சிக்கல் வரும்போது ஆரக்கிளின் பொறியாளரிடம் கேட்கும் உரிமையும் கிடைக்கின்றன. சான்றில்லாத இயங்குதளத்தில் ஓட்டினால் பேட்ச்கள் கிடைக்கும், ஆனால் இரண்டாவது உரிமை நைந்துபோகும். ஓஆர்ஏ-00600 போன்ற உள்பிழையோடு போய் நின்றால், 'இதே பிழையைச் சான்றுள்ள இயங்குதளத்தில் வரவழைத்துக் காட்டுங்கள்' என்ற பதிலை எதிர்பார்க்க வேண்டும். தரவுத்தளம் விழுந்து கிடக்கும் நேரத்தில் இன்னொரு சர்வரை எழுப்பி, தரவை நகலெடுத்து, பிழையை மீண்டும் உண்டாக்குவது நடக்கிற காரியமா?

எதிர்ப்பக்கத்தில் ஆரக்கிள் லினக்ஸின் விலை பூஜ்யம். இது இன்னும் பலருக்குத் தெரியவில்லை. நிறுவும் கோப்பை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பாதுகாப்புத் திருத்தங்கள் உட்பட எல்லாப் புதுப்பிப்புகளையும் சந்தா இல்லாமலேயே அதன் யம் என்ற மென்பொருள் களஞ்சியத்திலிருந்து பெறலாம். 2012 முதல் அப்படித்தான். தொலைபேசி ஆதரவு, மறுதொடக்கம் இல்லாமல் கர்னலை (இயங்குதளத்தின் மையப் பகுதியை) திருத்தும் கேஸ்ப்ளைஸ் போன்றவற்றுக்கு மட்டுமே பணம். தவிர, 19சிக்கான முன்னிறுவல் தொகுப்பு ஒன்று உண்டு. ஒரே கட்டளையில் ஆரக்கிள் பயனரையும் குழுக்களையும் உருவாக்கி, கர்னல் அளவுருக்களையும் கோப்பு வரம்புகளையும் அமைத்து, தேவையான லைப்ரரிகளையும் அதுவே இறக்கிவிடும். உபுண்டுவில் இதை ஒவ்வொன்றாகக் கையால் செய்ய வேண்டும்.

ஆனாலும் இவையெல்லாம் எனக்கு இரண்டாம்பட்சக் காரணங்கள். என் முடிவைத் தீர்மானித்தது ரிலிங்க், அதாவது தரவுத்தளத்தின் பைனரியை (இயங்கும் கோப்பை) மறுபடி இணைக்கும் வேலை. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

பெரும்பாலான மென்பொருள்கள் முடிந்த பைனரியாக வந்து இறங்கும். லினக்ஸில் ஆரக்கிள் தரவுத்தளம் அப்படி இல்லை. அது இன்னும் இணைக்கப்படாத ஆப்ஜெக்ட் கோப்புகளையும் அவற்றின் தொகுப்புகளான ஆர்க்கைவ் லைப்ரரிகளையும் சுமந்து வந்து, நம் இயந்திரத்தில் இருக்கும் லிங்கரையும் (துண்டுகளை இணைக்கும் கருவி) ஜிலிப்சியையும் (லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரி) கொண்டு இறுதி பைனரியை அங்கேயே இணைத்துக்கொள்கிறது. நம்முடைய இயங்குதளத்தின் குணம் தரவுத்தளத்தின் பைனரிக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிடுகிறது என்று சொல்லலாம். வீட்டுக்கு வந்த தச்சர் நம் வீட்டுப் பலகையிலேயே கதவைச் செய்வது போல. பலகை எப்படியோ கதவும் அப்படி.

உபுண்டுவில் என்ன நடக்கிறது? அதன் லிங்கர், அப்போதைக்குத் தேவையில்லை என்று தோன்றும் லைப்ரரிகளைத் தானாகவே கழற்றிவிடும் வழக்கத்தோடு வருகிறது. இணைப்பை எப்படிச் செய்வது என்று சொல்லும் ஆரக்கிளின் மேக் கோப்புகள் அந்த வழக்கத்தை எதிர்பார்த்து எழுதப்பட்டவை அல்ல. இணைப்பின்போது குறியீடுகள் கிடைக்கவில்லை என்று நின்றுவிடும். அந்தக் கோப்புகளில் ஒரு லிங்கர் விருப்பத்தைச் சேர்த்தால்தான் நகரும். 64 பிட் லைப்ரரிகள் இருக்கும் அடைவுகளின் பெயர் வேறு என்பதால் சிம்லிங்க் (ஒரு பெயரிலிருந்து இன்னொரு கோப்பைச் சுட்டும் இணைப்பு) போட வேண்டும். கட்டளைகளை ஓட்டும் ஷெல்லாக பேஷுக்குப் பதில் டேஷ் இருப்பதால் சில ஸ்கிரிப்ட்கள் இடறும். உபுண்டு 24.04இல் இன்னொன்று சேர்ந்துகொண்டது: நேரத்தை 64 பிட்டில் குறிக்கும் முறைக்கு மாறியபோது லிப்ஏஐஓ லைப்ரரியின் கோப்புப் பெயரே மாறிவிட்டது. பழைய பெயரைத் தேடிவரும் ஆரக்கிளுக்கு அங்கேயும் ஒரு சிம்லிங்க் தேவை.

ஒருநாள் உட்கார்ந்து இவற்றைச் செய்துவிட்டால் முடிந்தது என்றுதான் நிறுவல் குறிப்புகளைப் படிக்கும்போது தோன்றும். முடிவதில்லை. ஆரக்கிள் ஆண்டுக்கு நான்கு முறை, ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களில், ரிலீஸ் அப்டேட் என்ற பேட்ச் தொகுப்பை வெளியிடுகிறது. அதைப் போடும் ஓபேட்ச் கருவி ஒவ்வொரு முறையும் ஆர்க்கைவுக்குள் புதிய ஆப்ஜெக்ட்களை வைத்து, பைனரியை மறுபடியும் இணைக்கிறது. நாம் கைவைத்த மேக் கோப்பைப் பேட்ச் மாற்றியிருந்தால் நம் திருத்தம் போய்விடும். இடையில் இயங்குதளம் புதுப்பிக்கப்பட்டு ஒரு சிம்லிங்க் அறுந்திருந்தாலும் இணைப்பு நின்றுவிடும். இதில் மோசமான பகுதி, பேட்சைத் திரும்பப் பெறும்போதும் அதே ரிலிங்க் நடக்கிறது என்பதுதான். முன்னேயும் போக முடியாமல் பின்னேயும் வர முடியாமல், பராமரிப்பு நேரம் கரைந்துகொண்டிருக்க, துணைக்கு அழைக்க ஆளில்லாமல் நிற்க வேண்டிவரும். அதற்குப் பயந்து பேட்ச் போடுவதையே தள்ளிப்போடும் இடங்களைப் பார்த்திருக்கிறேன். பாதுகாப்புத் திருத்தங்கள் இல்லாத தரவுத்தளத்தில் வாடிக்கையாளர்களின் தகவல்களை வைத்திருப்பதை என்னால் ஏற்கவே முடியாது.

சான்றுள்ள லினக்ஸில் இந்தத் தொல்லையே இல்லை என்று சொல்லமாட்டேன். 19சியின் அடிப்படைப் பதிப்பான 19.3ஐ ஆரக்கிள் லினக்ஸ் 8இல் நிறுவத் தொடங்கினால், இயங்குதளச் சோதனையிலேயே ஐஎன்எஸ்-08101 என்ற பிழையோடு நின்றுவிடும். பழைய வெளியீட்டின் பெயரை ஒரு சூழல் மாறியில் எழுதி நிறுவியை நம்பவைக்க வேண்டும். ஆரக்கிள் லினக்ஸ் 9க்கு 19.19 அல்லது அதற்குப் பிந்தைய அப்டேட்டை நிறுவும்போதே சேர்த்தாக வேண்டும். ஆனால் இந்த வழிகள் ஆரக்கிளின் ஆதரவு ஆவணங்களிலேயே உள்ளன. தவறினால் கேட்கலாம், பதில் வரும்.

ராக்கியை உபுண்டுவோடு ஒரே தட்டில் வைப்பது நியாயமல்ல. லைப்ரரிகள், அடைவுகள், லிங்கர் எல்லாம் ரெட் ஹேட்டை ஒட்டியே இருப்பதால் ரிலிங்க் அங்கே பெரும்பாலும் சத்தமில்லாமல் முடிந்துவிடும். சோதனைச் சர்வர்களுக்கு அது போதும். 2023 ஜூனில் ரெட் ஹேட் தன் மூலநிரலைப் பொதுவில் வெளியிடுவதைச் சுருக்கியபின், அல்மாலினக்ஸ் 'அச்சு அசல் நகல்' என்ற இலக்கைக் கைவிட்டு, பைனரி ஒத்திசைவு போதும் என்ற நிலைக்கு வந்தது. நடைமுறையில் அதனால் உடனே எதுவும் உடைந்துவிடாது. ஆனாலும் நேரடி உற்பத்திச் சூழலுக்கு இலவசமாகச் சான்றுள்ள ஒன்று கிடைக்கும்போது சான்றில்லாததை ஏன் எடுக்க வேண்டும் என்ற கேள்விக்கு எனக்குப் பதில் கிடைக்கவில்லை. நான் ராக்கியில் பார்த்தது ஒற்றைச் சர்வர் தரவுத்தளங்களை மட்டுமே. ஒரே தரவுத்தளத்தைப் பல சர்வர்களில் ஓட்டும் ரியல் அப்ளிகேஷன் கிளஸ்டர்ஸ், கர்னல் மாட்யூல் தேவைப்படும் ஏசிஎஃப்எஸ் கோப்பு முறைமை ஆகியவற்றை அங்கே ஓட்டிய அனுபவம் எனக்கு இல்லை.

நிரலாளர்களின் உபுண்டு மடிக்கணினிகளுக்கு வேறு வழி இருக்கிறது. ஆரக்கிள் வெளியிடும் கன்டெய்னர் படிமங்களுக்குள் இருப்பது ஆரக்கிள் லினக்ஸ்தான். ஜிலிப்சியும் லைப்ரரிகளும் உள்ளேயே இருப்பதால் வெளியிலிருக்கும் உபுண்டு கர்னலை மட்டுமே தருகிறது. எங்கள் மேம்பாட்டு வேலை முழுக்க இப்படித்தான் நடக்கிறது. உற்பத்தியில் நாங்கள் இதைச் செய்யவில்லை, அதனால் பரிந்துரைக்கவும் மாட்டேன்.

ஆரக்கிள் லினக்ஸிலும் குறை உண்டு. தரவுத்தளத்துக்கும் இயங்குதளத்துக்கும் ஒரே நிறுவனத்தைச் சார்ந்திருப்பது எல்லாருக்கும் பிடிக்காது. அந்தத் தயக்கம் எனக்கும் புரிகிறது. ஆரக்கிள் லினக்ஸின் சொந்த யூஇகே கர்னலை சில காப்புநகல், கண்காணிப்பு மென்பொருள்கள் ஏற்பதில்லை. அப்போது ரெட் ஹேட் ஒத்திசைவுக் கர்னலில் துவக்கிக்கொள்ளலாம், 19சிக்கு இரண்டும் சான்றுள்ளவை. ஆயுளும் முடிவில்லாதது அல்ல. 7ஆம் வெளியீட்டின் முதன்மை ஆதரவு 2024 டிசம்பரில் முடிந்தது. 8க்கு 2029 ஜூலை வரை, 9க்கு 2032 ஜூன் வரை. புதிய சர்வர் வாங்குபவர்கள் 9க்கே போகலாம்.

இன்னும் சென்டோஸ் 7இல் இருப்பவர்களுக்கு: சென்டோஸை அப்படியே ஆரக்கிள் லினக்ஸாக மாற்றும் ஸ்கிரிப்டை ஆரக்கிள் வெளியிட்டிருக்கிறது. ஆனால் அது 7ஐ 7ஆகத்தான் மாற்றும். எண்டர்பிரைஸ் பதிப்பு வைத்திருப்பவர்கள் புதிய சர்வரில் ஆரக்கிள் லினக்ஸை நிறுவி, அதே அப்டேட் நிலையில் 19சியை அமைத்து, டேட்டா கார்டு என்ற வசதி மூலம் அதை ஸ்டாண்ட்பை (மூலத்தோடு ஒத்திசையும் நகல்) ஆக்கி, ஸ்விட்ச்ஓவர் செய்வதே (பொறுப்பை அதற்கு மாற்றுவதே) மேல். பழைய சர்வரை உடனே அணைத்துவிடாமல் சில நாட்கள் ஸ்டாண்ட்பையாகவே வைத்திருங்கள். புதியதில் ஏதாவது சரியில்லை என்றால் மறுபடி ஸ்விட்ச்ஓவர் செய்து பழையதற்கே திரும்பிவிடலாம்.