இழுப்பறையில் கிடந்த குட்டை ரிவால்வர்: கோல்ட்டா, ஸ்மித்தா?

அமெரிக்காவில் இறந்துபோன தாத்தாவின் வீட்டை ஒழிக்கும்போது, பழைய காலுறைக்குள் சுற்றிவைத்த ஒரு குட்டைக் குழல் ரிவால்வர் அகப்படுவது அதிசயமில்லை. அது கோல்ட்டின் டிடெக்டிவ் ஸ்பெஷலாகவோ, ஸ்மித் அண்ட் வெஸனின் சீஃப்ஸ் ஸ்பெஷலாகவோ இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. இரண்டும் .38 ஸ்பெஷல் தோட்டாவுக்குச் செய்தவை. தூரத்திலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி.

பிரித்தறிய பெயரைப் படிக்கக்கூட வேண்டாம். விசையில் விரல் படாமல், குழலை ஆளில்லாத பக்கம் திருப்பி, தோட்டா அறைகள் உள்ள சுழல் உருளையான சிலிண்டரைத் திறங்கள். இடப்பக்கத் தாழ்ப்பாளைப் பின்னால் இழுத்தால் திறக்கிறதா, கோல்ட். முன்னால் தள்ள வேண்டியிருக்கிறதா, ஸ்மித். உள்ளே தோட்டா இருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள். அப்புறம் அறைகளை எண்ணுங்கள்: கோல்ட்டில் ஆறு, ஸ்மித்தில் ஐந்து. ஒரு தோட்டாவை விட்டுக்கொடுத்துத்தான் ஸ்மித் உடம்பை இளைத்துக்கொண்டது.

வயது சொல்வதில் ஸ்மித் வெள்ளந்தி. சீஃப்ஸ் ஸ்பெஷல் 1950இல் வந்தது. மாடல் எண்கள் 1957இல்தான் வந்தன; இதற்கு விழுந்த எண் 36. சிலிண்டரைத் திறந்ததும் தெரியும் இடுக்கில் ‘36’ என்று பொறித்திருந்தால் அதற்குப் பிந்தையது. அதே இடுக்கில் வேறு சில எண்களும் இருக்கும். பலரும் ஏமாறுவது இங்கேதான்: அவை தொழிற்சாலையில் பாகங்களைச் சேர்க்கப் போட்டவை. உண்மையான வரிசை எண் கைப்பிடியின் அடியில் இருக்கும்.

கோல்ட் 1927இலேயே வந்துவிட்டது. அதன் வரிசை எண் சிலிண்டரைத் திறந்தால் பிரேமில், அதாவது துப்பாக்கியின் உடல் சட்டத்தில், தெரியும். குழலுக்கு அடியில் இருக்கும் வெற்றுத் தோட்டா தள்ளும் கம்பி மூடாக்கு இல்லாமல் வெளியே தெரிந்தால், 1973க்கு முந்தையது என்று எடுத்துக்கொள்ளலாம்.

சரி, விலை? ஒரே நிலையில் இருந்தால் பொதுவாக கோல்ட்டுக்குத்தான் கூடுதல். ஆனால் கோல்ட்டை வாங்குபவர் கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும். காலியான துப்பாக்கியின் பின்புறத்தில், தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் சுத்தியலை மெல்லப் பின்னிழுத்தால், அது நிற்கும் நேரத்துக்குள் சிலிண்டரும் ‘டக்’கென்று பூட்டிக்கொள்ள வேண்டும். பிந்தினால் தேய்மானம். அந்தப் பழைய இயக்கத்தைச் சரிசெய்யத் தெரிந்தவர்கள் குறைவு. எனக்கென்றால் நல்ல ஸ்மித்தே போதும்.

இரண்டுக்கும் விலையைக் கெடுப்பது ஒன்றே: புதிதாக்குகிறேன் என்று, எஃகு துருப்பிடிக்காமலிருக்கப் போடும் நீலப்பூச்சை மறுபடி போடுவது. பூதக்கண்ணாடியில் எழுத்துப் பொறிப்பைப் பாருங்கள். ஓரங்கள் கரைந்த சோப்பு போல மழுங்கியிருந்தால், திருகுத் துளைகளைச் சுற்றிக் குழி விழுந்திருந்தால், யாரோ மெருகேற்றும் பஃபிங் சக்கரத்தில் பிடித்திருக்கிறார்கள். தேய்ந்த அசல் பூச்சே மேல்.

கதைக்கும் விலை உண்டு, ஆதாரம் இருந்தால். அதிபர் கென்னடியைக் கொன்றதாகப் பிடிபட்ட ஆஸ்வால்டை 1963இல் ஜாக் ரூபி என்பவர் சுட்ட கோல்ட் கோப்ரா, டிடெக்டிவ் ஸ்பெஷலின் அலுமினியக் கலவை உடன்பிறப்புதான். 1991 ஏலத்தில் 2,20,000 டாலருக்குப் போனது. ‘தாத்தா துப்பறிவாளர்’ என்று வாயால் சொன்னால் மட்டும் பைசா ஏறாது.

ரப்பர் கைப்பிடி மாட்டியிருந்தால், அதே இழுப்பறையில் பழைய மரக் கைப்பிடி கிடக்கிறதா என்று துழாவுங்கள். பழைய ஸ்மித் என்றால் வலப்பக்க மரத்தின் உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள்; துப்பாக்கியின் வரிசை எண்ணே அங்கும் இருக்கலாம்.