கண் சிவந்தால் எல்லாம் மெட்ராஸ் ஐ இல்லை: குரோன்ஸ் உள்ளவர்கள் ஊருக்கு வரும்போது

குரோன்ஸ் என்பது குடலில் நீடித்த அழற்சியை உண்டாக்கும் நோய். வெளிநாட்டில் வாழும் குரோன்ஸ் உள்ளவர் ஊருக்கு வந்தால் எல்லோரும் வயிற்றைப் பற்றித்தான் விசாரிப்பார்கள். கண் சிவந்தாலோ வீட்டுக்கு வீடு ஒரே பதில்: "மெட்ராஸ் ஐ, நாலு நாள்ல போயிடும்." ஒருவர் நந்தியாவட்டைப் பூவைப் பிழிந்து விடச் சொல்வார், இன்னொருவர் தாய்ப்பால் என்பார். தெருமுனை மெடிக்கலில் சீட்டு இல்லாமலே சொட்டு மருந்து கிடைக்கிறது. இப்படி ஊருக்கு வரும் பயணத்தில் கவலை தருவது இதுதான். அப்படிக் கைக்கு வரும் பாட்டில்கள் பலவற்றில் ஆன்டிபயாட்டிக்கோடு அழற்சியை அடக்கும் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் கலந்திருக்கும். சிவப்பு இரண்டு நாளில் வடியும், உள்ளே அழற்சி அரைகுறையாக நிற்கும். பாவையைச் சுற்றியுள்ள நிறத்திரையான ஐரிஸ், பின்னாலுள்ள லென்ஸோடு ஒட்டிக்கொள்ளும். சிவப்புக்குக் காரணம் ஹெர்பிஸ் வைரஸாக இருந்துவிட்டால் அதே சொட்டு கருவிழிப் புண்ணைப் பரப்பிவிடும்.

குரோன்ஸில் கண் சிவக்க முக்கியமாக மூன்று காரணங்கள் உண்டு. எபிஸ்கிளரைட்டிஸில் வெள்ளைவிழியின் ஒரு பக்கம் சிவந்து லேசாக உறுத்தும், பார்வை மங்காது. பெரும்பாலும் குடல் நோய் கிளம்பும்போது வந்து, அது அடங்கும்போது அடங்கும். ஸ்கிளரைட்டிஸில் வலி ஆழமானது, தூக்கத்திலிருந்து எழுப்பும். இவை இரண்டையும் பிரித்தறிய டாக்டர் ஃபினைலெஃப்ரின் சொட்டு விட்டுப் பார்ப்பார். எபிஸ்கிளரைட்டிஸில் சிவக்கும் மேலோட்டமான நாளங்கள் வெளுத்துவிடும், ஸ்கிளரைட்டிஸின் ஆழமான நாளங்கள் சிவப்பாகவே நிற்கும். மூன்றாவது யுவைட்டிஸ், அதாவது ஐரிஸும் சேர்ந்த கண்ணின் நடு அடுக்கான யுவியாவில் வரும் அழற்சி. குடல் அமைதியாக இருக்கும்போதும் வரும் என்பதால் பலர் குரோன்ஸோடு இதைச் சேர்த்துப் பார்ப்பதில்லை. வெளிச்சம் கூசும், கருவிழியைச் சுற்றி வளையம் போலச் சிவக்கும், பார்வை பனி மூடியது போலாகும். நன்றாக இருக்கும் கண்ணில் டார்ச் அடித்தால்கூடச் சிவந்த கண் வலிக்கும். அப்படி வலித்தால் அன்றைக்கே கண் டாக்டரின் ஸ்லிட் லாம்ப் (கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் கருவி) முன்னால் உட்கார்ந்துவிட வேண்டும். சிலருக்குச் சிவப்பே இல்லாமல் இரண்டு கண்ணிலும் மெல்ல மெல்ல வரும். பார்வை மங்கினால் சிவக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

கண் வைத்தியத்தில் நம் ஊர் கொடுத்து வைத்தது. 1976-ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையிலும், சென்னை சங்கர நேத்ராலயாவிலும் யுவியாவுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய்ப் பதிவு செய்யும்போது "குரோன்ஸ் இருக்கு, ஸ்டீராய்டு எடுக்கிறேன்" என்று முதல் மேசையிலேயே சொல்லிவிடுங்கள். பார்வை அளவு, கண் பிரஷர், பிறகு பாவை விரியச் சொட்டு. விரிய அரை மணி முக்கால் மணி ஆகும். விரிந்தபின் நாலைந்து மணி நேரம் எழுத்து தெரியாது, வெயில் கூசும். வண்டி ஓட்ட ஒருவர் கூட வரட்டும், கூலிங் கிளாஸும் இருக்கட்டும்.

அடுத்து டாக்டர் டி.பி. பற்றிக் கேட்பார். மனம் கோண வேண்டாம். நம் நாட்டில் யுவைட்டிஸ் என்றதும் காசநோயை விலக்கியே ஆக வேண்டும். குடல் காசநோயும் குரோன்ஸ் மாதிரியே வேஷம் போடும். குரோன்ஸுக்காக அடலிமுமாப், இன்ஃப்ளிக்ஸிமாப் போன்ற எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ஊசி எடுப்பவருக்கு உறங்கிக் கிடக்கும் டி.பி. விழித்துக்கொள்ளலாம். டி.பி.-யைக் கண்டறியத் தோலில் போடும் மான்டூ ஊசி போட்டால், அந்த இடத்துத் தடிப்பை 48 முதல் 72 மணிக்குள் அளக்க வேண்டும். வியாழக்கிழமை போட்டால் அது சனி ஞாயிறில் விழும், திங்கள் அல்லது செவ்வாயில் போட்டுக்கொள்ளுங்கள். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து எடுப்பவருக்கு டி.பி. இருந்தும் இல்லையென்று காட்டக்கூடும். அதனால் மருந்து தொடங்குமுன் வெளிநாட்டில் எடுத்த டி.பி. ரிசல்ட், மார்பு எக்ஸ்ரே, கடைசி ஊசித் தேதி, குடல் டாக்டரின் கடிதம் நான்கும் ஒரே ஃபைலில் இருக்க வேண்டும்.

கண் வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் மாத்திரை எழுதினால் குரோன்ஸை நினைவுபடுத்துங்கள். அவை குடலைக் கிளப்பிவிடலாம்.

யுவைட்டிஸ் முன்பகுதியில் இருந்தால் பெரும்பாலும் பிரெட்னிசலோன் அசிடேட் 1% என்ற ஸ்டீராய்டு சொட்டு தருவார்கள். அது பால் போன்ற கலவை, மருந்து அடியில் தங்கிவிடும். குலுக்காமல் விட்டால் மேலே நிற்கும் தண்ணீர்தான் கண்ணில் விழும். ஒவ்வொரு முறையும் இருபது தடவை குலுக்குங்கள். கீழ் இமையை இழுத்து ஒரே ஒரு சொட்டு விட்டு, கண்ணை மூடி, மூக்கோர மூலையை ஒரு நிமிஷம் அழுத்திக்கொள்ளுங்கள். ஹோமாட்ரோபின் போல ஐரிஸ் ஒட்டாமல் காக்கும் சொட்டும் தந்திருந்தால் ஐந்து நிமிஷம் கழித்து அது. ஆரம்பத்தில் விழித்திருக்கும்போது மணிக்கு ஒன்று என்று போகும், பிறகு வாரக்கணக்கில் குறைப்பார்கள். மெடிக்கலில் "அதுக்குப் பதிலா இது" என்று ஃபுளோரோமெத்தலோன் தந்தால் வாங்காதீர்கள், வீரியம் குறைவு. சிவப்பு போய்விட்டதென்று நீங்களாக நிறுத்தினால் திரும்பி வரும்.

பலர் தடுமாறுவது இங்கேதான்: குறைத்து முடிக்கும் முன்பே திரும்பும் டிக்கெட் வந்துவிடும். புறப்படுமுன் சுருக்க அறிக்கையில், கருவிழிக்கும் ஐரிஸுக்கும் இடையிலுள்ள முன்னறையில் செல் (மிதக்கும் அழற்சி அணுக்கள்) எத்தனை, ஃப்ளேர் (கசிந்த புரதத்தால் வரும் மங்கல்) எத்தனை, கண் பிரஷர், சொட்டு குறைக்கும் அட்டவணை இவை நான்கும் இருக்கின்றனவா என்று பாருங்கள். செல் 2+ என்று இங்கே எழுதியிருந்தால்தான் அங்கே பார்ப்பவருக்கு 1+ என்பது முன்னேற்றம் என்று புரியும். ஸ்டீராய்டு சொட்டில் சிலருக்குக் கண் பிரஷர் ஏறும், பெரும்பாலும் இரண்டு வாரம் கழித்துத்தான். வெளிநாடு திரும்பிய முதல் வாரத்திலேயே அதைப் பார்க்க நாள் வாங்கி வையுங்கள்.

சிறுகுடலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தவர்களுக்குக் கொழுப்போடு வைட்டமின் ஏ-யும் சரியாகச் சேராமல் போகலாம். கண் வறண்டு, அந்தி சாய்ந்தால் தடுமாறினால் மாலைக்கண்ணா என்று கேட்டு ரத்தத்தில் அளவு பார்க்கச் சொல்லுங்கள்.

ஹ்யூமிரா பேனா (அடலிமுமாப் ஊசி) கொண்டு வருபவர்களுக்கு: 2 முதல் 8 டிகிரி, கைப்பையில், மருந்துச் சீட்டோடு. 25 டிகிரிக்குள் 14 நாள் வெளியே தாங்கும் என்ற கணக்கு மே மாதத்து மதுரை வீட்டுக்குப் பொருந்தாது. ஃப்ரிட்ஜில் நடுத்தட்டில் வையுங்கள், ஃப்ரீசர் சுவரை ஒட்ட வேண்டாம். உறைந்துவிட்டால், பிறகு உருகினாலும் போட வேண்டாம், தூக்கி எறிந்துவிடுங்கள்.