எட்டு வருடக் குழுக்கடன்: ஒரு பலகாரக்காரியின் அனுபவம்

காரைக்குடியை ஒட்டிய கோட்டையூரில் வீட்டிலேயே தேன்குழல், மாவுருண்டை, சீப்புச் சீடை செய்து விற்கிறேன். ஐந்து பெண்கள் ஒருவருக்கொருவர் பொறுப்பேற்று, நகை அடகு இல்லாமல் ஒரு சிறுகடன் நிறுவனத்திடம் வாங்குவதுதான் குழுக்கடன். முதல் குழுக்கடனை 2017-இல் வாங்கினேன், 25,000 ரூபாய். அதுவரை தண்டல்தான். பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு 8,500 தருவார்கள். தினம் நூறு ரூபாயாக நூறு நாள் கட்ட வேண்டும். ஆண்டுக் கணக்கில் அந்த வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டும். வங்கியில் நகை கேட்டார்கள். என் நகை ஏற்கெனவே அடகில் இருந்தது. பர்மா வரை கடன் கொடுத்த மண் இது. 1937-இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி தொடங்கிய நாளிலேயே காரைக்குடியில் கிளை திறந்தார்கள். இருந்தும் அடுப்படியில் தொழில் செய்யும் பெண்ணுக்கு அந்தக் கதவு எட்டாமல் இருந்ததே என்று இன்றும் வருந்துகிறேன்.

முதல் கடன் வந்ததும், கடலை எண்ணெயை லிட்டர் லிட்டராகக் கடனுக்கு வாங்குவதை விட்டுவிட்டு, 15 லிட்டர் டின்னாக ரொக்கத்துக்கு வாங்கினேன். அதில் மிச்சமான காசே வட்டியைக் கட்டிவிட்டது.

ஒத்துவராதது தவணைதான். என் வருமானம் கல்யாணச் சீர்ப் பலகாரத்தில் இருக்கிறது. தை, வைகாசி, ஆவணியில் அடுப்பு அணையாது. ஆடியிலும் மார்கழியிலும் ஒரு கல்யாணமும் இல்லை. ஆனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூட்டத்தில் பணத்தை வைத்தே ஆக வேண்டும். எங்கள் ஐவரில் ஒருத்தி திருப்பூருக்குப் போய்விட, நான்கு மாதம் அவள் பங்கையும் நாங்கள்தான் கட்டினோம். என் மகள் டெங்குவில் படுத்தபோது இரண்டு தவணையை எனக்காகக் கட்டியதும் இதே பெண்கள்தான்.

2020-இல் ஆறு மாதம் தவணை ஒத்திவைப்பு கிடைத்தது. அந்த மாதங்களுக்கும் வட்டி ஓடும் என்று எங்களுக்கு யாரும் விளக்கவில்லை. கல்யாணங்கள் நின்றுபோன அந்த நேரத்தில் இன்னொரு நிறுவனத்தின் ஆள் வீட்டுக்கே வந்து கடன் தந்தார். பழைய தவணையைக் கட்டப் புதுக் கடன் வாங்கினேன். என் பெரிய தவறு அது. இரண்டு வருடம் தூக்கமில்லை.

2022 ஏப்ரலில் குழுக்கடன் போன்ற சிறுகடன்களுக்கு ரிசர்வ் வங்கியின் புதிய விதிகள் வந்தன. குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. முன்கூட்டியே அடைத்தால் அபராதமும் இல்லை. அந்த ஆவணிப் பணத்தில் ஒரு கடனை முழுதாக அடைத்தேன். புதிதாக வாங்குகிறவர்கள், கடன் விவரங்களை எழுதித் தரும் அட்டையைத் தமிழில் கேட்டு வாங்குங்கள். வட்டி, கட்டணம், காப்பீட்டுப் பிடித்தம் எல்லாவற்றையும் கையெழுத்துக்கு முன்பே படித்துவிடுங்கள்.

தவணை தவறாமல் கட்டியது கடன் வரலாற்றில் பதிவாகியிருந்தது. அதைப் பார்த்துத்தான் சென்ற வருடம் ஒரு வங்கி, பிணை கேட்காமல், சிறுதொழிலுக்கான அரசின் முத்ரா திட்டத்தில் ஒன்றரை லட்சம் கொடுத்தது. வட்டி குழுக்கடனில் பாதிதான். மாவு அரைக்கும் இயந்திரத்தை அதில் வாங்கினேன். குழுவை விடவில்லை. ஆடிப் பெருக்கு கழிந்ததும் எண்ணெய்க்கும் உளுந்துக்கும் மட்டும் எடுத்து, கார்த்திகைக்குள் அடைத்துவிடுகிறேன்.