நாற்பது நிமிடமா, தொண்ணூறு நிமிடமா: ஐம்பதைத் தாண்டியவரின் தசையும் கார்டிசாலும்

"முக்கால் மணி நேரத்தைத் தாண்டினால் கார்டிசால் ஹார்மோன் ஏறிவிடும், கட்டிய தசையை அதுவே தின்றுவிடும்." எந்த ஜிம்மில் சேர்ந்தாலும் முதல் மாதத்திலேயே இந்த எச்சரிக்கை காதில் விழுந்துவிடும். எதிர்க்கட்சியும் உண்டு. வயதான தசை மந்தமானது, அதைத் தட்டி எழுப்ப இளைஞரைவிடக் கூடுதல் நேரம் உழைத்தாக வேண்டும் என்று அவர்கள் சொல்வார்கள். ஐம்பதைத் தாண்டி முதன்முதலாக டம்பெல்லைத் தொடுகிறவர் இந்த இரண்டுக்கும் நடுவில் திகைத்து நிற்கிறார். இரண்டு தரப்பிலும் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் இருவருமே கடிகாரத்தை வைத்துச் சண்டை போடுகிறார்கள் என்பதுதான் என் வழக்கு.

குற்றவாளிக் கூண்டில் நிற்கும் கார்டிசாலை முதலில் விசாரித்துவிடலாம். சிறுநீரகங்களுக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பிகளில் அது சுரக்கிறது. காலையில் விழித்து அரை மணி, முக்கால் மணி நேரத்தில் உச்சத்தைத் தொட்டு, நள்ளிரவை ஒட்டி அடிமட்டத்துக்கு இறங்கும். பட்டினி, காய்ச்சல், காயம், கவலை, கடும் உழைப்பு என்று எது வந்தாலும் ரத்தத்தில் சர்க்கரை குறைந்துபோகாமல் காப்பது அதன் பணி. அதற்காகத் தசைப் புரதத்தை உடைத்து அமினோ அமிலங்களைக் கல்லீரலுக்கு அனுப்பவும் அது தயங்காது. ஆகவே பழி முற்றிலும் பொய்யல்ல. குஷிங் நோயில் கார்டிசால் மாதக்கணக்கில் மிகையாக இருக்கும். தொடையும் தோளும் மெலிந்து, கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியாத நிலை வரும். ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ, கார்டிசாலைப் போலவே செயல்படும் பிரெட்னிசலோன் மாத்திரையை நெடுநாள் விழுங்குகிறவர்களிடமும் இதே மெலிவைக் காணலாம்.

இங்கே அளவைக் கவனிக்க வேண்டும். உடல் ஒரு நாள் முழுக்கச் சுரக்கும் கார்டிசால் சுமார் 10 மில்லிகிராம். 5 மில்லிகிராம் பிரெட்னிசலோன் 20 மில்லிகிராம் கார்டிசாலுக்குச் சமம். 20 மில்லிகிராம் மாத்திரையைத் தினமும் எடுப்பவர் உடலின் சொந்தச் சுரப்பைப்போல் எட்டு மடங்கை விழுங்குகிறார். அதுவும் வாரக்கணக்கில். பயிற்சிக் கூடத்தில் ஏறுவதோ சில மணி நேரத்துக்குள் இறங்கிவிடும் ஏற்றம். இரண்டையும் ஒரே தராசில் வைத்ததிலிருந்துதான் இந்த முக்கால் மணிப் பயமே தொடங்குகிறது.

பயிற்சியின்போது கார்டிசாலை ஏற்றுவது நேரமா, தீவிரமா? 2008இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் அதே ஆட்களை மூன்று தனித்தனி நாட்களில் 30 நிமிடம் சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். உச்சத் திறனில் 60 சதவீதம், 80 சதவீதம் என்று மிதித்த நாட்களில் கார்டிசால் ஏறியது. 40 சதவீதத்தில் மிதித்த நாளில் இறங்கியது. நேரம் ஒன்றே, விளைவு நேரெதிர். இரண்டு மூன்று மணி நேரம் ஓடும் மாரத்தான்காரருக்கு நேரமும் கணக்கில் வரும் என்பது உண்மை. பளு தூக்குகிறவர் அப்படி இடைவிடாமல் உழைப்பதில்லை. முக்கால் மணி கூடத்தில் நின்றாலும் பளு அவர் கையில் இருப்பது மிஞ்சினால் பத்துப் பதினைந்து நிமிடம்.

சரி, ஏறிய கார்டிசால் தசை வளர்ச்சியைத் தடுக்கிறதா? கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் வெஸ்ட், பிலிப்ஸ் இருவரும் 56 இளைஞர்களை 12 வாரம் பளு தூக்க வைத்து, பயிற்சிக்குப் பிந்தைய ஹார்மோன் ஏற்றங்களை அளந்து 2012இல் வெளியிட்டார்கள். டெஸ்டோஸ்டிரோன் ஏற்றத்துக்கும் தசைப் பெருக்கத்துக்கும் தொடர்பே தென்படவில்லை. கார்டிசாலுக்குத் தொடர்பு இருந்தது, ஆனால் எதிர்பார்த்த திசையில் இல்லை: அது அதிகம் ஏறியவர்களுக்குத் தசையும் சற்றுக் கூடியிருந்தது. கார்டிசால் தசையைக் கட்டியது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. கடுமையாக உழைத்தவருக்கு இரண்டும் கூடியிருக்கும், அவ்வளவுதான். இவர்கள் இளைஞர்கள் என்பதையும் மறக்கக் கூடாது. ஆனாலும் "ஏறினால் கரையும்" என்ற கணக்கு இங்கே உடைந்துவிடுகிறது.

இப்போது போட்டியாளர்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துவோம்.

முதலாவது, வாரம் இரண்டு மூன்று நாள், அரை மணி முதல் முக்கால் மணி, கனமான பளு. வயதானவர்களுக்கு இந்த வழியின் சான்றுகள் உறுதியானவை. பாஸ்டனில் 90 வயதை ஒட்டிய முதியோர் இல்லவாசிகள் 10 பேரைக் கொண்டு ஃபியாட்டரோன் குழுவினர் செய்த ஆய்வு 1990இல் வந்தது. வாரம் மூன்று நாள், உச்ச பலத்தில் 80 சதவீதப் பளு, மூன்று செட் (இடையில் ஓய்வில்லாமல் தூக்கும் ஒரு சுற்றே செட்), செட்டுக்கு எட்டு முறை, கால்களுக்கு மட்டும். எட்டே வாரத்தில் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொடைத் தசையின் பரப்பும் 9 சதவீதம் பெருகியது. ஆஸ்திரேலியாவின் லிஃப்ட்மோர் ஆய்வில் மாதவிடாய் நின்ற, எலும்பு அடர்த்தி குறைந்த 101 பெண்கள் பங்கேற்றார்கள். அவர்களில் ஒரு பிரிவினர் எட்டு மாதம், வாரம் இரண்டு நாள், வெறும் 30 நிமிடம் டெட்லிஃப்ட் (தரையில் இருக்கும் பளுவைத் தூக்கி நிமிர்வது), ஸ்குவாட் (பளுவோடு உட்கார்ந்து எழுவது), தலைக்கு மேல் பளு தூக்குதல் ஆகியவற்றைக் கண்காணிப்பின் கீழ் செய்தார்கள். முதுகெலும்பின் அடர்த்தி அவர்களுக்கு 2.9 சதவீதம் கூடியது. வீட்டில் லேசான பயிற்சி செய்த மற்றப் பிரிவுக்கு 1.2 சதவீதம் குறைந்தது. அது எலும்பை அளக்க நடந்த ஆய்வு என்றாலும் கால், முதுகு பலமும் கூடவே உயர்ந்தன. அரை மணி நேரம் போதாது என்பவர்கள் இந்தப் பெண்களுக்குத்தான் பதில் சொல்ல வேண்டும்.

இந்த வழிக்கு ஒரு கண்ணி உண்டு. நேரத்தைச் சுருக்க வேண்டும் என்று செட்டுக்கு இடையிலான ஓய்வில் கை வைத்துவிடுகிறார்கள். ஒரு நிமிடம்கூட உட்காராமல் அடுத்த செட்டுக்கு ஓடுகிறவரைப் பார்த்து மற்றவர்கள் வியக்கவும் செய்கிறார்கள். கார்டிசாலைத் தாறுமாறாக ஏற்றும் வழிகளில் முதன்மையானது இதுதான். 2016இல் வந்த இரண்டு ஆய்வுகளைச் சொல்லலாம். ஒன்றில் மூன்று நிமிடம் ஓய்வெடுத்தவர்களுக்கு ஒரு நிமிடக்காரர்களைவிடப் பலமும் தசையும் அதிகம் கூடின. மற்றொன்றில் ஒரு நிமிட ஓய்வு, ஐந்து நிமிட ஓய்வை ஒப்பிட்டபோது, குறைந்த ஓய்வில் தசைப் புரத உருவாக்கம் மங்கியிருந்தது. கார்டிசாலுக்குப் பயந்து 40 நிமிடத்தில் ஓட்டமாய் முடிக்கிறவர், 70 நிமிடம் நிதானமாகச் செய்கிறவரைவிட அதிகக் கார்டிசாலோடு வீடு திரும்பக்கூடும். நேரம் போதாவிட்டால் ஓய்வைத் தொடாதீர்கள். ஒரு பயிற்சியை விட்டுவிடுங்கள்.

இரண்டாவது, ஒன்றரை மணி நேரம், வாரம் ஐந்தாறு நாள். இதைத் தள்ளிவிடக் காரணம் தேடுகிறவன் நான், ஆனாலும் இதன் பக்கம் ஒரு வலுவான வாதம் இருக்கிறது. அலபாமா பல்கலைக்கழகத்தில் 20 முதல் 35 வயதினரையும் 60 முதல் 75 வயதினரையும் 16 வாரம் பயிற்றுவித்து, அடுத்த 32 வாரத்துக்கு அளவைக் குறைத்தார்கள். சிலருக்கு மூன்றில் ஒரு பங்கு, சிலருக்கு ஒன்பதில் ஒரு பங்கு. இளையவர்கள் அந்தச் சொற்பத்திலும் தசையைத் தக்கவைத்தார்கள். மூத்தவர்களுக்கு பலம் நிலைத்தது. தசையின் பருமன் நிலைக்கவில்லை. வயதான தசைக்குச் செட் எண்ணிக்கை கொஞ்சம் தாராளமாகவே வேண்டும் என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அதற்கு வாரம் ஐந்து நாள், ஒன்றரை மணி வேண்டும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அந்த ஆய்வின் முழு அளவே வாரம் மூன்று நாள், மூன்று பயிற்சி, ஒவ்வொன்றிலும் மூன்று செட்தான்.

நீண்ட அமர்வில் எனக்கு இருக்கும் தகராறு ஹார்மோனோடு இல்லை, மூட்டோடும் தசைநாணோடும்தான். ஒரு மணிக்கு மேல் செட்டின் தரம் கெடும். முதுகு வளையத் தொடங்கும், முழங்கால் உள்ளே சாயும். இருபது வயதில் இரண்டு நாளில் ஆறும் தோள்பட்டை ஐம்பத்தைந்தில் இரண்டு மாதம் எடுக்கும், அந்த இரண்டு மாதமும் பயிற்சி நிற்கும்.

மூன்றாவது வழி, பிரித்துச் செய்வது. காலையில் கால், மாலையில் கை என்று இருபது இருபது நிமிடம். வாரத்தின் மொத்தச் செட்கள் சமமாக இருந்தால் எத்தனை அமர்வாகப் பிரித்தாலும் தசை வளர்ச்சியில் பெரிய வேறுபாடு இல்லை. வேலைக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் நடுவில் நேரம் துண்டு துண்டாகக் கிடைப்பவருக்கு இது கைகொடுக்கும். பெரும்பாலும் வீட்டில்தான் இதைச் செய்ய நேரும், அங்கே பளு கனமாவதில்லை என்பதே இதன் குறை: ஐந்து கிலோ டம்பெல் ஐந்து கிலோவாகவே வருடக்கணக்கில் இருந்துவிடுகிறது.

மூன்றையும் பார்த்தாயிற்று. வயது கூடக் கூட உண்மையில் மாறுவது எது? நள்ளிரவில் அடிமட்டத்துக்கு இறங்க வேண்டிய கார்டிசால், முதுமையில் அவ்வளவு தாழ இறங்குவதில்லை. கவலைப்பட வேண்டிய ஏற்றம் இருக்குமானால் அது இரவில் இருக்கிறது. ஒரே ஓர் இரவு தூங்காமல் இருந்தாலே இளம் வயதினரின் தசைப் புரத உருவாக்கம் 18 சதவீதம் சரிந்து, கார்டிசால் 21 சதவீதம் ஏறியதை ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று 2021இல் காட்டியது. மன அழுத்தமும் அப்படியே. 2008இல் வந்த ஓர் ஆய்வில் கல்லூரி மாணவர்கள் 12 வாரம் ஒரே பயிற்சியைச் செய்தார்கள். வாழ்க்கைச் சிக்கல் குறைவாக இருந்தவர்களுக்கே பலம் அதிகம் கூடியது. பன்னிரண்டு மணி வரை தொலைக்காட்சி பார்த்துவிட்டு நாலரை மணிக்கு அலாரம் வைத்து ஐந்து மணி பேட்ச்சுக்கு ஓடுகிறவர், அங்கே போய் 45 நிமிடத்தில் கார்டிசாலுக்காக நிறுத்துவதில் என்ன பொருள் இருக்கிறது?

இன்னொரு மாற்றம் தட்டில் தெரியும். இளைஞருக்கு ஒரு வேளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.24 கிராம் புரதம் போதும். மூத்தவரின் தசையை அதே அளவுக்குத் தூண்ட 0.40 கிராம் வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது வேளைக்கு 24 கிராம். நான்கு இட்லியும் சாம்பாரும் பத்து கிராமைச் சுற்றியே நிற்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) பரிந்துரை நாளுக்குக் கிலோவுக்கு 0.83 கிராம், முதியவர்களுக்கு 1.0 முதல் 1.2 கிராம் வேண்டும் என்பது 2013இல் வெளிவந்த சர்வதேச நிபுணர் குழுவின் கருத்து. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டே கூட்ட வேண்டும். கார்டிசாலை அடக்கும் என்று டப்பாவில் விற்கும் அமுக்கரா (அஸ்வகந்தா) பொடிக்கு ஆகும் காசில் முட்டையும் கொண்டைக்கடலையும் வாங்கலாம். அந்தப் பொடியால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களும் உண்டு.

ஆகவே என் ஓட்டு முதலாவது வழிக்கே, ஆனால் கடிகாரத்தைக் கழற்றிவைத்துவிட்டு. வாரம் மூன்று நாள், நான்கைந்து பயிற்சி, தலா மூன்று செட், நடுவில் இரண்டு மூன்று நிமிட ஓய்வு. முடிக்க 50 நிமிடம் ஆனாலும் சரி, 70 ஆனாலும் சரி. பளுவை முதல் மாதம் லேசாக வைத்து மெல்ல ஏற்ற வேண்டும். இதயக் கோளாறோ கட்டுக்கடங்காத ரத்த அழுத்தமோ இருந்தால் முதலில் மருத்துவர். உறக்கம் கெட்ட வாரத்தில் செட்டைப் பாதியாக்கலாம், பயிற்சியையே விட வேண்டாம். பிரெட்னிசலோன் எடுப்பவர்கள் மாத்திரையைத் தாமாக நிறுத்தவே கூடாது. அவர்களுக்குத்தான் கால் பயிற்சி மற்ற எவரையும்விட அவசியம்.

எந்த வழியில் போனாலும் பலன் வருகிறதா என்று பார்க்க ரத்தத்தில் கார்டிசாலை அளந்து பயனில்லை. காலையில் ஓர் எண், மாலையில் வேறோர் எண் வரும். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காருங்கள். ஆசிய சார்கோபீனியா (முதுமைத் தசை இழப்பு) பணிக்குழு 2019இல் வகுத்த அளவின்படி 12 விநாடி அல்லது அதற்கு மேல் எடுத்தால் தசைத் திறன் குறைந்திருக்கலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே நாற்காலியில் அளந்து எழுதிவைத்தால் போதும்.