மாட்டுங்கா ஸ்கேன் சென்டரின் ‘பெண்கள் பேக்கேஜ்’: யாருக்குப் பயன், யாருக்கு வீண்?

மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே), சிஏ 15-3 (மார்பகப் புற்றுநோய்க்கான) ரத்தப் பரிசோதனை, தைராய்டு, ஹீமோகுளோபின். 28 வயதுக்கும் 62 வயதுக்கும் இதே பேக்கேஜ்தான். பெரிய குறையே அதுதான்.

படம் எடுப்பதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பெண் டெக்னீஷியன்தான் எடுக்கிறார். ஒவ்வொரு மார்புக்கும் மேலிருந்து ஒன்று, சாய்வாக ஒன்று, மொத்தம் நான்கு படங்கள். சாய்வுப் படத்தில் மார்புத் தசை காம்பு மட்டம் வரை விழவில்லையென்றால் மறுபடி எடுக்கிறார்கள். அக்குளில் பவுடரோ டியோடரண்டோ இருந்தால் துடைத்துவிட்டு வரச் சொல்கிறார்கள். இல்லையென்றால் அந்தத் துகள்கள், சில சமயம் புற்றுநோயின் அறிகுறியாக இருக்கும் சுண்ணாம்புப் படிவு போலவே படத்தில் தெரியும்.

ரிப்போர்ட்டில் பை-ராட்ஸ் எண்ணோடு (புற்றுநோய்ச் சந்தேகம் எவ்வளவு என்று சொல்லும் எண்) மார்பின் அடர்த்தியும் ஏ முதல் டி வரை எழுத்தில் இருக்கும். அதை அவசியம் படியுங்கள். சி, டி என்றிருந்தால் அடர்த்தி அதிகம்; படத்தில் திசுவும் வெள்ளை, கட்டியும் வெள்ளை, கட்டி மறைந்துபோகலாம். இளவயதில் இந்த அடர்த்தி சகஜம். நாற்பதுக்குக் கீழே வரும் புற்றுநோயிலோ ட்ரிபிள் நெகட்டிவ் வகையும் (ஹார்மோன் மாத்திரைக்குக் கட்டுப்படாதது) உயர் கிரேடும் (வேகமாக வளரக்கூடியது) அதிகம். ஒரே ஸ்டேஜில் கண்டுபிடித்தாலும் இவர்கள் பிழைக்கும் விகிதம் குறைவாக இருப்பதற்கு இது முக்கியக் காரணம். ஆகவே மார்பைத் தொட்டுப் பார்க்கையில் கட்டி தட்டுப்பட்டால், மேமோகிராம் ‘நார்மல்’ என்றாலும் விடக் கூடாது; அல்ட்ராசவுண்டு, தேவைப்பட்டால் ஊசி பயாப்ஸி (ஊசியால் திசு எடுத்துச் சோதிப்பது) செய்ய வேண்டும். பேக்கேஜில் அல்ட்ராசவுண்டே கிடையாது.

சிஏ 15-3 வெறும் செலவு. ஆரம்பக் கட்டப் புற்றுநோயில் அது பெரும்பாலும் ஏறுவதே இல்லை.

மருத்துவர் மார்பைக் கையால் தொட்டுப் பார்ப்பதும் பேக்கேஜில் இல்லை. இதே மும்பையில் டாடா மெமோரியல் புற்றுநோய் மருத்துவமனை 1998-ல் தொடங்கி, சுமார் ஒன்றரை லட்சம் பெண்களிடம் நடத்திய ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கையால் பரிசோதித்ததிலேயே 50 வயதுக்கு மேற்பட்டவர்களில் மார்பகப் புற்றுநோய் மரணம் கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்தது. ஐம்பதுக்குக் கீழே அப்படிக் குறையவில்லை.

அறுபதைத் தாண்டியவர்களுக்கு வருவது பெரும்பாலும் ஹார்மோன் பாசிட்டிவ் வகை (ஹார்மோனால் வளர்வது), ஹார்மோன் மாத்திரைக்குக் கட்டுப்படும். ‘வலிக்கலையே’ என்று கட்டியைச் சொல்லாமல் இருப்பதுதான் ஆபத்து. அம்மாவை அழைத்துப் போகிறவர்கள், கட்டி ஏதாவது தட்டுப்படுகிறதா என்று அவரிடம் முதலில் கேளுங்கள்.

நாற்பதைத் தாண்டி, தொந்தரவு எதுவும் இல்லாதவர்கள் மேமோகிராம் மட்டும் எடுத்தால் போதும். மாதவிலக்கு தொடங்கிய ஏழாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் போனால் வலி குறைவு. படங்களை சிடியில் கேட்டு வாங்குங்கள், அடுத்த முறை ஒப்பிட அது வேண்டும். நாற்பதுக்குக் கீழே இந்தப் பேக்கேஜ் வேண்டாம். அம்மாவுக்கோ அக்காவுக்கோ இளவயதிலேயே மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால் மரபணு ஆலோசனைக்குப் போங்கள்.