சிட்னிக்குப் பீளமேட்டிலிருந்தா, தேவனஹள்ளியிலிருந்தா?

சிட்னியில் இருக்கும் தங்கையின் பிரசவத்துக்கு அம்மாவையும் அப்பாவையும் அனுப்ப வேண்டியிருந்தபோது, பெருந்துறையில் எங்கள் வீட்டில் இரண்டு வழிகள் பேசப்பட்டன. ஒன்று, கோவை பீளமேடு விமான நிலையத்தில் ஏறிச் சிங்கப்பூரில் விமானம் மாறுவது. மற்றொன்று, பெங்களூர் தேவனஹள்ளி விமான நிலையத்துக்குப் போய், ஆஸ்திரேலியாவின் குவான்டாஸ் நிறுவனம் 2022 செப்டம்பரில் தொடங்கிய நேரடி விமானத்தைப் பிடிப்பது. நாங்கள் சிங்கப்பூர் வழியில் அனுப்பினோம். இன்று யார் கேட்டாலும் அதையே சொல்வேன்.

சிங்கப்பூர் சுற்றுவழி என்று பலரும் நினைக்கிறார்கள். கோவையிலிருந்து சிட்னியை நேராக அளந்தால் ஏறத்தாழ 9,270 கி.மீ. வருகிறது. கோவை–சிங்கப்பூர் 3,160, சிங்கப்பூர்–சிட்னி 6,300 என்று கூட்டினாலும் 9,460 தான். பெங்களூர்–சிட்னி 9,350 கி.மீ. ஆகவே தூரத்தைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

நேரத்திலும் பெரிய வேறுபாடு இல்லை. நேரடி விமானம் பன்னிரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகப் பறக்கிறது. சிங்கப்பூர் வழியில் பறக்கும் நேரம் பன்னிரண்டரை, அத்துடன் இடையில் காத்திருப்பு மூன்று மணி நேரம் என்று வையுங்கள். ஆனால் பெருந்துறையிலிருந்து பீளமேடு ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிடும். தேவனஹள்ளி பெங்களூருக்கு வடக்கே இருப்பதால், சேலம், கிருஷ்ணகிரி, ஓசூர் தாண்டி, சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் ஊர்ந்து, நகரத்தையே குறுக்காகக் கடந்தாக வேண்டும். நேரடி விமானம் மிச்சப்படுத்துவதைச் சாலை தின்றுவிடுகிறது.

எங்களுக்கு முடிவைத் தந்தது பெட்டிதான். இரண்டு விமானங்களும் ஒரே முன்பதிவில் இருந்தால், பீளமேட்டில் ஒட்டும் சீட்டிலேயே சிட்னியின் குறியீடான எஸ்.ஒய்.டி. என்று அச்சாகி, பெட்டிகள் நேரே சிட்னிக்குப் போய்விடும். இந்தியக் குடியேற்றச் சோதனையும் கோவையிலேயே முடிந்துவிடும். பெட்டியை எடுக்க வெளியே வர வேண்டியதில்லை என்பதால், சிங்கப்பூரில் விசா இல்லாமலே விமான நிலையத்துக்குள்ளேயே அடுத்த வாயிலுக்குப் போகலாம். முதல் விமானம் தாமதித்து அடுத்தது தவறினாலும், மாற்று ஏற்பாடு செய்வது நிறுவனத்தின் பொறுப்பு. பெங்களூருக்குத் தனி முன்பதிவில் உள்நாட்டு விமானத்தில் போனாலோ, பெட்டிகளை எடுத்து, முதல் முனையத்தில் இறங்கியிருந்தால் பேருந்தேறி இரண்டாம் முனையத்துக்குப் போய், மீண்டும் வரிசையில் நிற்க வேண்டும். அது தாமதித்தால் நஷ்டம் நம்முடையது. மலிவாகக் கிடைக்கிறதே என்று சிங்கப்பூர் வழியையும் இரண்டு தனி முன்பதிவுகளாக வாங்கிவிடாதீர்கள். பெட்டியை எடுக்க அந்நாட்டுக்குள் நுழைய நேர்ந்தால் அங்கே குடியேற்றச் சோதனையையும் கடக்க வேண்டியிருக்கும்.

குறையும் உண்டு. கோவையிலிருந்து ஸ்கூட் போன்ற சிக்கன விமானங்களில் சாப்பாட்டுக்குத் தனிக் காசு. சைவ உணவை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் சக்கர நாற்காலியைப் பதிவு செய்துகொள்வது நல்லது. நடக்கவே இயலாதவர்களுக்கு, ஏறினால் இறங்கும் வரை ஒரே இருக்கை என்பது பெரிய வசதி என்பதை மறுக்க மாட்டேன். ஓசூர், கிருஷ்ணகிரிக்காரர்களும் பெங்களூரை விட்டுவிட்டுப் பீளமேட்டுக்கு வர வேண்டியதில்லை. பொள்ளாச்சிப் பக்கத்து உறவினர்கள் கொச்சி நெடும்பாசேரியில் ஏறிச் சிங்கப்பூர் போகிறார்கள். அந்த வழியை நாங்கள் பார்த்ததில்லை என்பதால் அதில் என் வாக்கை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

திரும்பும்போது மேற்கிலிருந்து வீசும் எதிர்காற்றால் எந்த வழியிலும் பறக்கும் நேரம் கூடும். நேரடி விமானத்தில் அந்தக் கூடுதல் நேரத்தையும் ஒரே மூச்சில் உட்கார்ந்தே கழிக்க வேண்டும்.