ஆயில் பிரஷர் கேஜ் மாட்டப் போனேன், எஞ்சினையே பிரிக்கச் சொன்னார்கள்

பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள், அதிலும் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் வைத்திருப்பவர்கள், இதைப் படித்துவிட்டு அப்புறம் கராஜுக்குப் போங்கள். எனக்கு 235 பவுண்டு போனது. இன்னொரு 2,800 பவுண்டு போயிருக்கும், மயிரிழையில் தப்பியது.

என் வண்டி 1978 மாடல் ஸ்பிட்ஃபயர் 1500. இங்கிலாந்தின் கவென்ட்ரியில் கேன்லி தொழிற்சாலையில் செய்தது. நான் குடியிருப்பதும் அங்கிருந்து அரை மணி நேரத் தூரத்தில்தான். இந்த வண்டிமேல் எனக்குப் பைத்தியம் பிடிக்கக் காரணம், சென்னையில் அப்பா வைத்திருந்த ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். அதன் 948 சிசி எஞ்சினும் இதன் 1493 சிசி எஞ்சினும் ஒரே வம்சம். 1953-இல் ஸ்டாண்டர்ட் எய்ட் காரில் 803 சிசியாகப் பிறந்ததை இழுத்து இழுத்துப் பெரிதாக்கிக்கொண்டே போனார்கள்.

எஞ்சினுக்குள் ஓடும் எண்ணெயின் அழுத்தத்தைக் காட்டும் ஆயில் பிரஷர் கேஜை ஸ்பிட்ஃபயரில் கம்பெனி வைக்கவில்லை. ஒரு சிவப்பு விளக்கு மட்டும்தான். பிரஷர் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை என்கிற நிலைக்கு வந்த பிறகுதான் அது எரியும். அதற்குள், கிராங்க் என்கிற சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங் கதை முடிந்திருக்கும். அதனால் இந்த வண்டிக்காரர்கள் பலரும் தனியாக ஒரு கேஜ் மாட்டிக்கொள்வது வழக்கம். எனக்கு நேரமில்லை. பழைய வண்டிகளுக்கென்றே இருப்பதாகச் சொல்லிக்கொண்ட ஒரு கராஜில் விட்டேன். பெயர் போடப் போவதில்லை. புதுப்பித்த பழைய ஸ்மித்ஸ் கம்பெனி கேஜ் என்று 120 பவுண்டு, கூலி 115.

வண்டியை எடுக்கப் போன அன்று உரிமையாளர் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு சுற்று ஓட்டிக் காட்டினார். எஞ்சின் நன்றாகச் சூடானதும் 2,000 ஆர்பிஎம்மில் முள் 22-இல் நின்றது. டிரையம்பின் ஒர்க்‌ஷாப் மேனுவல்படி அந்த வேகத்தில் 40 முதல் 60 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) இருக்க வேண்டும். சிக்னலில் நிறுத்தினால் முள் அப்படியே பூஜ்யத்துக்குப் படுத்துவிட்டது. அவர் உதட்டைப் பிதுக்கினார். பேரிங் எல்லாம் தேய்ந்துவிட்டது, இதற்கு மேல் ஓட்டினால் கிராங்க் போய்விடும், பிரித்துச் சரிசெய்ய 2,800 ஆகும், அடுத்த வாரமே இடம் இருக்கிறது என்றார். துக்க வீட்டில் பேசுகிற குரல். நானும் நம்பிவிட்டேன்.

அன்று எனக்கு உறைக்க வேண்டியது ஒன்று இருந்தது. சாவியைத் திருப்பும்போது வழக்கமாக எரியும் அந்தச் சிவப்பு விளக்கு எரியவில்லை. கேட்டதற்கு, கேஜ் வந்த பிறகு விளக்கு எதற்கு, அதை எரியவைக்கும் ஆயில் சுவிட்சைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையில்தான் கேஜ் குழாயை மாட்டினோம் என்றார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது.

எங்கள் கார் கிளப்பில் ஒரு பெரியவர் இருக்கிறார், எழுபதைத் தாண்டியவர். அவரிடம் புலம்பினேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "தட்டுகிறதா?" பூஜ்யம் பிரஷரில் ஒரு எஞ்சின் ஐட்லிங்கில் ஓடினால் சும்மா இருக்காது, அடியிலிருந்து சுத்தியல் அடிக்கிற சத்தம் வர வேண்டும். என் எஞ்சின் தையல் மெஷின் மாதிரிதான் ஓடிக்கொண்டிருந்தது. சரி, கொண்டு வா என்றார்.

அவர் எஞ்சின் பிளாக்கில் கேஜ் குழாயைப் பிடித்திருந்த அடாப்டரைக் கழற்றியதும் முதல் கோளாறு தெரிந்தது. வெள்ளை டேப்பை ஏழெட்டுச் சுற்று சுற்றி முறுக்கியிருந்தார்கள். பார்வைக்குக் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருக்கும் இரண்டு குழாய் மரைகள் உண்டு. பிரிட்டிஷ் மரையில் அங்குலத்துக்கு 28 புரி, அமெரிக்க மரையில் 27. ஒன்றை மற்றொன்றில் ஒன்றிரண்டு சுற்று ஏற்றிவிடலாம், அப்புறம் ஸ்பேனரைப் போட்டு அமுக்கினால் மரை நசுங்கிப் பிடித்துக்கொள்ளும். இங்கே அதைத்தான் செய்திருந்தார்கள். பிளாக்கின் முதல் இரண்டு புரி போயிருந்தது. அந்த ஓட்டை நேராக எஞ்சினின் பிரதான ஆயில் வழிக்குள் போகிறது. டேப் துணுக்கு உள்ளே போனால் எங்கே போய் அடைக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

குழாயும் வேடிக்கைதான். மெல்லிய நைலான் குழாய். ஆயில் சுவிட்ச் இருப்பது எஞ்சினின் ஒரு பக்கம், சூடான புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் இருப்பது மறுபக்கம். மேனிஃபோல்டைத் தொடாமலே குழாயைக் கொண்டுபோகத் தாராளமாக இடம் உண்டு. இவர்கள் எஞ்சினைச் சுற்றிக் கொண்டுவந்து மேனிஃபோல்டுக்கு நாலு விரல் தள்ளித் தொங்கவிட்டிருந்தார்கள். ஒரு இடத்தில் மஞ்சளாகிப் பளபளவென்று இளகியிருந்தது. அது அறுந்திருந்தால் சூடான எண்ணெய் எக்ஸாஸ்ட் மேல் பீய்ச்சியிருக்கும். எனக்கு அதிகம் வயிற்றைக் கலக்கியது இதுதான், பணம்கூட இல்லை.

அப்புறம் அவர் தன் சோதனை கேஜை மாட்டினார். எஞ்சினைச் சூடாக்கி 2,000-க்கு ஏற்றினோம். 52. ஐட்லிங்கில் 25-க்கு மேலேயே நின்றது. பேரிங் ஒன்றும் ஆகவில்லை.

சரி, அந்த ஸ்மித்ஸ் கேஜுக்கு என்ன கேடு? கண்ணாடியைக் கழற்றினார். பூஜ்யத்தில் ஒரு சின்ன ஊசி நீட்டிக்கொண்டிருக்கும், முள் அதன்மேல் சாய்ந்து நிற்கும். நகத்தால் முள்ளைத் தூக்கி ஊசிக்கு இந்தப் பக்கம் விட்டார். முள் சரசரவென்று பூஜ்யத்துக்குக் கீழே ஒரு கட்டைவிரல் அகலம் இறங்கிப்போய் நின்றது. புதுப்பிக்கிறேன் என்று முள்ளைத் தப்பான இடத்தில் குத்தியிருக்கிறார்கள். 30 பிஎஸ்ஐ வரும்வரை அது ஊசியை விட்டு எழவே எழாது, அதற்கு மேல் காட்டுவதெல்லாம் 30 குறைவு. விளக்கு இருந்திருந்தால் முள் பூஜ்யத்தில் கிடக்கும்போது விளக்கு அணைந்திருப்பதைப் பார்த்து எனக்கே குட்டு வெளிப்பட்டிருக்கும். அந்தச் சுவிட்சைத்தான் கழற்றியிருந்தார்கள். தெரிந்து செய்தார்களா, தெரியாமலா என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் உண்மையிலேயே பிரஷர் குறைவு என்று நினைக்கிற மெக்கானிக், முதலில் இன்னொரு கேஜ் போட்டுப் பார்ப்பான், அடுத்து பிரஷரைக் கட்டுப்படுத்தும் ரிலீஃப் வால்வைக் கழற்றிப் பார்ப்பான். எடுத்த எடுப்பில் 2,800 என்று சொல்ல மாட்டான்.

இன்னொன்று. இந்த நாட்டில் 40 வயது தாண்டிய வண்டிக்கு, பெரிய மாற்றம் எதுவும் செய்யாதவரை, 2018 மே முதல் எம்ஓடி என்கிற வருடாந்திரத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை. வசதிதான், ஆனால் கராஜ் செய்த வேலையை இரண்டாவது ஆள் பார்க்கும் வாய்ப்பும் அதோடு போயிற்று.

இந்த வேலையைக் கொடுப்பவர்கள், விளக்கும் கேஜும் இரண்டும் இருக்கும்படி டி-பீஸ் (மூன்று வாய் உள்ள இணைப்பு) போட்டுத்தான் மாட்ட வேண்டும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எஞ்சின் ரப்பர் மவுன்ட் மேல் ஆடும், ஆகவே பிளாக்கிலிருந்து ஃபயர்வால் (எஞ்சினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள தகடு) வரை வளையும் பின்னல் ஹோஸ்தான் சரி. செம்புக் குழாயை நேராக இழுத்துக் கட்டினால் அதிர்ந்து அதிர்ந்து விண்டுவிடும். ஃபயர்வால் ஓட்டையில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று விரலை விட்டுப் பாருங்கள். கழற்றிய சாமானைக் கையோடு கேட்டு வாங்குங்கள்.

பணம் திரும்பியது, சுலபமாக இல்லை. கராஜ் முதலில் பேசவே மறுத்தது. 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி வேலையை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்திருக்க வேண்டும் என்று கடிதம் எழுதினேன், பதில் இல்லை. நல்லவேளை, கிரெடிட் கார்டில் கட்டியிருந்தேன். 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரையிலான பொருளுக்கு, 1974 கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவின்படி கார்டு கொடுத்த வங்கிக்கும் பொறுப்பு உண்டு. படங்களோடு அனுப்பினேன். ஏழு வாரத்தில் 235-ம் வந்தது. பிளாக்கின் மரையைச் சரிசெய்த செலவு என் தலையில்தான்.

இப்போது டி-பீஸில் புது கேஜும் புது சுவிட்சும் இருக்கின்றன. பழைய சுவிட்சைக் கேட்டு மூன்று முறை போன் செய்துவிட்டேன். தேடிக்கொண்டிருக்கிறார்களாம்.